பழங்குடி என்னும் சொல்லும் வத்தல்மலையும்

ஐக்கிய நாடுகள் சபையின் அரங்குகளில் பழங்குடி மக்களின் உரிமைகளைப் பற்றிப் பேச்சு எழுந்த காலங்களில், இந்திய அரசின் பிரதிநிதிகள் ஒரு கருத்தைப் பலமுறை எடுத்துரைத்து வந்திருக்கிறார்கள். சுதந்திரத்தின்போது இந்தியாவில் இருந்த மக்கள் அனைவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பூர்வகுடிகளே; அவர்களுள் ஒரு பகுதியினரை மட்டும் பிரித்தெடுத்துப் பூர்வகுடி என்று பெயரிட இயலாது என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். உயர்ந்தவர் தாழ்ந்தவர் இல்லை, முன்னவர் பின்னவர் இல்லை, யாவரும் இம்மண்ணின் மக்களே என்று அது சொல்வதாகத் தோன்றுகிறது. சமத்துவத்தை நேசிக்கும் எவரும் கேட்ட மாத்திரத்தில் தலையசைத்துவிடுவர்.

ஆனால், ஒரு கருத்தின் தகுதியை அதன் இனிமையைக் கொண்டு அளப்பது இலக்கியத்திலும் முறையன்று, அரசியலிலும் முறையன்று. அது எந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்லப்படுகிறது, சொல்லி முடித்த பின் யாருடைய கையில் என்ன எஞ்சுகிறது என்பவற்றைப் பார்த்தே மதிப்பிட வேண்டும். அதற்கு ஜெனீவாவும் நியூயார்க்கும் போதா. தருமபுரி நகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் எழுந்து நிற்கும் வத்தல்மலையில் வைத்து அக்கருத்தைப் படித்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

மலையும் மக்களும்

வத்தல்மலை கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடிக்கும் கூடுதலான உயரம் உடையது. பெரியூர், பால்சிலம்பு முதலிய சிற்றூர்கள் அதன் மேல் அமைந்துள்ளன. சாமையும் கேழ்வரகும் விளைந்த மண்ணில் காப்பியும் மிளகும் இப்போது இடம் பிடித்திருக்கின்றன. வாகனம் செல்லும் சாலை இம்மலைக்கு வந்து சேர்ந்தது இந்த நூற்றாண்டில்தான். அதற்கு முன்பெல்லாம் நோயாளியைத் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்குவதும், விளைச்சலைத் தலைச்சுமையாகக் கொண்டு போவதுமே வாழ்வின் நடைமுறை. 2021-ஆம் ஆண்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இம்மலைக்கு வந்து மக்களைச் சந்தித்தது நாளேடுகளில் பெரிய செய்தியாயிற்று. ஒரு முதலமைச்சர் வந்து போவதே செய்தியாகும் அளவுக்கு இம்மலை தலைநகரத்தின் நினைவிலிருந்து விலகி இருந்திருக்கிறது.

இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவோர். இப்பெயரைக் கேட்டவுடன் கேரள நாட்டவரை நினைத்துக் கொள்வது நம்மவர் வழக்கம். இவர்கள் அவர்கள் அல்லர். தமிழ் பேசும் மலைமக்கள். மலையை ஆள்பவர் என்றும், மலையில் வாழ்பவர் என்றும் இச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, ஜவ்வாது மலை என வட தமிழகத்தின் மலைகள் பலவற்றிலும் இவர்கள் பரவி வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் ஏறத்தாழ 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். மாநில மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினர். அவர்களுள் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். தமிழகத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்களே.

இம்மக்கள் தம் முன்னோரைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் ஏறிக் குடியமர்ந்தனர் என்றும், அவர்களின் வழியில் வந்தவர்களே தாங்கள் என்றும் கூறுவார்கள். ஆங்கிலேயர் காலத்துச் சேலம் மாவட்டக் குறிப்புகளிலும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பிலும் இக்கதை பதிவாகியிருக்கிறது. இது வரலாறா கற்பனையா என்பது வேறு ஆராய்ச்சி. நாம் கருத வேண்டியது, இம்மக்கள் தாமே தம்மை "வந்தவர்கள்" என்று சொல்லிக் கொள்கிறார்கள் என்பதைத்தான். பழங்குடி என்றால் ஆதிமுதல் அங்கேயே இருந்தவர் என்று பொருள் கொள்வோமானால், வத்தல்மலை மக்கள் தம் வாய்மொழியாலேயே அத்தகுதியை இழந்து விடுகிறார்களா? அரசின் வாதத்தை உரசிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

உடன்படிக்கைகளின் வரலாறு

சர்வதேச அரங்கில் இந்தியா தொடக்கம் முதலே மறுத்து நின்றது என்று எண்ணிவிடக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1957-இல் பூர்வகுடி, பழங்குடி மக்கள் தொகையினருக்கென்று 107-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1958 செப்டம்பர் 29-இல் இந்தியா அதனை ஏற்றுக் கையொப்பமிட்டு உறுதி செய்தது. அம்மக்கள் வழிவழியாக வாழ்ந்து வரும் நிலங்களின் மீது, தனியாகவோ கூட்டாகவோ அவர்களுக்குள்ள உடைமையுரிமை அங்கீகரிக்கப்பட வேண்டும் என்று அதன் 11-ஆம் பிரிவு கூறுகிறது. அதே ஆண்டு வெரியர் எல்வின் எழுதிய நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை தந்த பண்டித நேரு, பழங்குடியினரின் நிலத்துக்கும் காட்டுக்கும் உரிய உரிமைகளை மதித்தல் வேண்டும் என்பதைத் தம் ஐந்து நெறிகளுள் ஒன்றாக வைத்தார். எண்ணமும் ஏடும் அன்று ஒத்திருந்தன.

107-ஆம் உடன்படிக்கைக்கும் குறை உண்டு. பழங்குடியினரைப் பெருஞ்சமூகத்தில் படிப்படியாகக் கரைத்து விடுவதே அதன் குறிக்கோள். அக்குறையை நீக்கும் பொருட்டு 1989-இல் 169-ஆம் உடன்படிக்கை பிறந்தது. இரண்டின் தலைப்புகளிலும் உள்ள ஒரு சொல் வேறுபாடு கவனத்துக்குரியது. பழைய தலைப்பு அவர்களை "மக்கள் தொகையினர்" என்றது. புதிய தலைப்பு "மக்களினங்கள்" என்றது. தொகையினர் எண்ணப்படுவதற்கு உரியவர். மக்களினத்தார் இசைவு கேட்கப்படுவதற்கு உரியவர். இந்தச் சொல்லுக்காகப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. புதிய உடன்படிக்கையை இந்தியா இன்றளவும் ஏற்கவில்லை. ஆசியாவில் அதனை ஏற்றது நேபாளம் ஒன்றே; அதுவும் 2007-இல்தான்.

இவ்விரு உடன்படிக்கைகளும் தொழிலாளர் ஸ்தாபனத்தின் வழி வந்தவை. இவற்றுக்குப் புறம்பாக, ஐ.நா. சபை 1982-இல் அமைத்த செயற்குழுவில் தொடங்கிய முயற்சி கால் நூற்றாண்டு கழித்து ஒரு பிரகடனமாகக் கனிந்தது. 2007 செப்டம்பர் 13-ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபையில் பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 144 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகள் எதிர்த்தன. 11 நாடுகள் எப்பக்கமும் சேரவில்லை. எதிர்த்த நான்கும் குடியேறியவர்களின் நாடுகள் என்பது விளக்கம் வேண்டாத உண்மை. 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் அவையும் தம் நிலையை மாற்றிக் கொண்டு பிரகடனத்துக்கு ஆதரவு தெரிவித்தன.

இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. ஆனால், ஆதரவோடு ஒரு விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது. பிரகடனம் பேசும் சுயநிர்ணய உரிமை அந்நிய ஆட்சியின் கீழ் இருக்கும் மக்களுக்கே உரியது. சுதந்திர நாட்டில் வாழும் ஒரு பகுதி மக்களுக்கு அது பொருந்தாது என்பதே விளக்கம். இது புதிதன்று. 1979-இல் இரு சர்வதேச மனித உரிமை உடன்படிக்கைகளில் இந்தியா சேர்ந்தபோதும் முதற்பிரிவுக்கு இதே விளக்கத்தைத் தந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து நாடுகள் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தன. கையை நீட்டி வாக்களித்துவிட்டு, அந்த வாக்கு நம் நாட்டு மக்களுக்கு எட்டாதபடி விளக்கம் எழுதி வைப்பது எதிர்ப்பின் மற்றொரு வடிவம். எதிர்த்து வாக்களித்தவரோடு வாதாடலாம். ஆதரித்து வாக்களித்தவரோடு வாதாடுவது கடினம்.

முதல் காரணம்: யார் முதலில் வந்தவர்?

அரசின் தரப்பில் மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றை நியாயமாக எடுத்துக் கொண்டே ஆராய வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்தில் இன்ன ஆண்டில் கப்பல் வந்தது, இன்னார் முன்பே இருந்தனர் என்று கோடு கிழித்துக் காட்டலாம். பல்லாயிரம் ஆண்டுகள் மக்கள் வந்தும் கலந்தும் வாழ்ந்த இந்தியாவில் அவ்வாறு கோடு கிழிக்க இயலாது என்பது முதற்காரணம். இதில் வலு இல்லாமல் இல்லை. சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1998-இல் இதே ஐயத்தை எழுப்பினார். மாறாக, 2011 ஜனவரியில் மகாராஷ்டிர வழக்கொன்றில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்நாட்டின் ஆதிக்குடிகள் பழங்குடியினரே என்றும், ஏனைய பெரும்பான்மையோர் வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் என்றும் கூறியது. அரசு ஜெனீவாவில் ஒன்று சொல்ல, நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் டில்லியில் வேறொன்று சொல்லியது.

நம் கருத்தோ, கேள்வியே தவறு என்பது. 107-ஆம் உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். படையெடுப்புக்கு முன்பே இருந்தவரின் வழியில் வந்தோரை அது ஒரு வகையாகவும், தம் சொந்த வழக்காறுகளின்படி தனித்து வாழும் பழங்குடியினரை மற்றொரு வகையாகவும் கூறி, இருசாராருக்கும் ஒரே பாதுகாப்பை வழங்குகிறது. 169-ஆம் உடன்படிக்கையும் அவ்வாறே. அத்துடன், தம்மைப் பழங்குடி என்று தாமே உணர்வதை அடிப்படையான அளவுகோலாகவும் அது வைக்கிறது. ஆகவே, காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்லும் வத்தல்மலை மக்களும் இவற்றின் நிழலில் அடங்குவர். முதலில் வந்தவர் யார் என்று அவ்வேடுகள் கட்டாயமாகக் கேட்கவில்லை. இந்நிலத்தோடு வாழ்ந்தவரின் இசைவின்றி அதை எடுக்கலாமா என்பதே அவை கேட்கும் கேள்வி. அரசு தன்னிடம் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லி, கேட்கப்பட்ட கேள்வியைக் கடந்து போய்விடுகிறது.

இதில் தமிழர்க்கு மட்டுமே புலப்படும் சுவையான முரண் ஒன்றும் உண்டு. அரசியலமைப்பின் ஆங்கில வாசகத்திலும் இந்தி வாசகத்திலும் "அட்டவணையில் சேர்க்கப்பட்ட இனக்குழு" என்னும் பொருளே உள்ளது. தொன்மையைக் குறிக்கும் அடைமொழி ஏதும் இல்லை. தமிழிலோ நாம் அவர்களைப் பழங்குடியினர் என்கிறோம். பழமை அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. மாநில அரசின் துறையும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை என்றே பெயர் பெற்றுள்ளது. உலக அரங்கில் டில்லி மறுக்கும் ஒன்றைத் தருமபுரியில் ஒவ்வொரு சாதிச் சான்றிதழும் ஒப்புக் கொண்டிருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையிலேயே இந்தச் சொற்போர் நடந்தது. 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக விளங்கிய ஜெய்பால் சிங் முண்டா, தம் மக்களுக்கு ஆதிவாசி என்னும் பெயரே வேண்டும் என்று வாதிட்டார். அது சட்டத்தில் வரையறுத்த பொருளில்லாத பொதுச்சொல் என்று டாக்டர் அம்பேத்கர் விடையிறுத்தார். உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டப் பட்டியல் வேண்டும் என்ற அம்பேத்கரின் கவலையில் நியாயம் இருந்தது. ஆயின், பட்டியல் உரிமைக்கு வாயிலாக இருக்க வேண்டுமே தவிர, உரிமைக்கு எல்லையாகிவிடக் கூடாது. இந்நாளிலோ "வனவாசி" என்னும் சொல்லைப் பரப்ப ஒரு சாரார் முயல்கின்றனர். காட்டில் குடியிருப்பவர் என்பதுதான் அதன் பொருள். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லலாம். குடிக்கு உரியவரை அவ்வாறு சொல்ல இயலாது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டாம் காரணம்: நாடு பிளவுபடுமா?

சுயநிர்ணயம் என்று ஒப்புக் கொண்டால் பிரிவினைக்குக் கதவு திறக்கும் என்பது இரண்டாம் காரணம். பிரிவினையின் இரத்தத்தைக் கண்ட நாடு அஞ்சுவது இயல்பே. ஆனால் பிரகடனத்தின் இறுதிப் பிரிவாகிய 46-ஆம் பிரிவு, எந்த நாட்டின் நிலப்பரப்பு ஒருமைப்பாட்டையும் குலைப்பதற்கு இப்பிரகடனம் இடந்தராது என்று தெளிவாகவே உரைத்திருக்கிறது. அச்சத்துக்கு மருந்து அந்த ஏட்டிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

நடைமுறை அனுபவமும் அதனையே காட்டும். ஒடிசா மாநிலத்தின் நியமகிரி மலையில் பாக்சைட் தாதுவை வெட்டியெடுக்க வேதாந்தா நிறுவனத்துக்கு இடமளிக்கலாமா என்ற வழக்கில், மலைமக்களின் கிராம சபைகளே அதனை ஆராய்ந்து கூறட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. இசைவு கேட்டதால் இந்தியா துண்டாகிவிடவில்லை. ஒரு மலை மலையாகவே நின்றது, அவ்வளவுதான்.

இதில் அரசின் உண்மையான அச்சம் எது என்பதும் விளங்குகிறது. நாடு பிளவுபடும் என்பதைவிட, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை சிற்றூர்களுக்குப் போய்விடும் என்பதே அது. 2022-இல் வெளிவந்த வனப் பாதுகாப்பு விதிகள், காட்டு நிலத்தை வேறு பணிக்குத் தர மத்திய அரசு ஒப்புதல் அளிக்கும் முன்னரே கிராம சபையின் இசைவைப் பெற வேண்டும் என்ற நிலையைத் தளர்த்தின. தேசியப் பழங்குடியினர் ஆணையமே அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது.

மூன்றாம் காரணம்: நம் சட்டங்கள் போதாவா?

நம் அரசியலமைப்பும் சட்டங்களும் பழங்குடியினருக்கு வேண்டிய பாதுகாப்பை ஏற்கெனவே தந்திருக்கின்றன. அயலார் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது மூன்றாம் காரணம். சட்டங்கள் உண்டு என்பது மெய். அவை வத்தல்மலையை எட்டிய கதையைப் பார்ப்போம்.

அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகளில் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காப்பதற்கு வழி செய்கிறது. பத்து மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் ஓர் அங்குலமும் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. ஆதலால் 1996-இல் அப்பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் வழங்கிய சட்டமும் வத்தல்மலைக்கு இல்லை, கொல்லிமலைக்கு இல்லை, ஜவ்வாது மலைக்கும் இல்லை.

பட்டியலின் நிலை இன்னும் விந்தையானது. மலையாளிகள் பழங்குடியினர் என்று பொதுவாகச் சொல்லாமல், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ள மலையாளிகள் என்று அது வரையறுக்கிறது. எனவே ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடியினர் அல்லர்! தங்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் நெடுங்காலக் கோரிக்கை. கலெக்டர் ஆளும் எல்லைக்கோடு மலைமுகட்டில் எங்கே விழுகிறதோ, அங்கே ஒரு மனிதனின் இனமும் மாறிவிடுகிறது. இன்னார் தம்மை இன்னாராக உணர்வதே அளவுகோல் என்று 169-ஆம் உடன்படிக்கை ஏன் சொன்னது என்பது இங்கே நன்கு புரியும்.

2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டு மக்களுக்கு வரலாற்று முறையில் அநீதி இழைக்கப்பட்டது என்பதை அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக் கொள்கிறது. 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் வாழ்ந்து வரும் பழங்குடியினருக்கு அந்நிலத்தில் உரிமை உண்டு. அவ்வுரிமையை ஆராயும் பணி கிராம சபையில் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால், நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பட்டா வழங்க இயலாத நிலை தமிழ்நாட்டில் ஏற்பட்டது. அத்தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2016 பிப்ரவரியில். சட்டம் பிறந்த பின்னும் எட்டாண்டுகள் தமிழக மலைமக்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

இவை கடந்து, இதே தருமபுரி மாவட்டத்தில், இதே மலையாளி மக்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமத்தில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடித்து நொறுக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர், பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நீதி வந்தது, முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து வந்தது. காட்டில் வாழ்பவனைக் காட்டுக்கு அயலானாக, திருடனாகப் பார்க்கும் பார்வையே அந்த நாளை விளைவித்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் நட்ட விதை அது. நம் சட்டங்களே போதும் என்பவர்கள் வாச்சாத்தியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும்.

ஐ.நா. பிரகடனம் இருந்திருந்தால் வாச்சாத்தி நேர்ந்திராது என்று நாம் கூறவில்லை. பிரகடனம் சட்டம்போல் கட்டுப்படுத்துவதன்று. அதில் பூர்வகுடி யார் என்ற வரையறையும் இல்லை. மலைமக்களைப் பற்றி மாநாட்டுக் கட்டுரை படிப்போர் பலர், அவர்களுக்கு முதலில் வேண்டியவை பட்டாவும் பள்ளியும் மருத்துவரும் என்பதை மறந்துவிடுவதும் உண்டு. ஆனாலும், உலகின் முன் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தால், அதைக் காட்டி உள்ளூர் அதிகாரியிடம் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் செய்வதுதான் "அனைவரும் பூர்வகுடிகள்" என்ற வாக்கியத்தின் பயன்.

நமக்கு இதில் என்ன?

இப்பத்திரிகையைப் படிக்கும் இல்லங்களில், இது நம் விவகாரம் அன்றே என்று நினைப்பவர்கள் இருக்கலாம். இலட்சத்தீவுகளை எண்ணிப் பார்க்கட்டும். அத்தீவுகளின் பூர்வீக மக்கள் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். அவர்களே அட்டவணைப் பழங்குடியினரும் ஆவர். 2021-இல் தீவு வளர்ச்சி ஆணையம் அமைப்பதற்கான வரைவு விதி வெளியானபோது, தம் நிலம் தம் இசைவின்றிப் பறிபோகும் என்று அவர்கள் பதறினார்கள். ஜம்மு காஷ்மீரத்தின் குஜ்ஜர், பக்கர்வால் மக்களும் முஸ்லிம்கள். 1991 முதல் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள்.

நம்மவர் நாடுகள் மட்டும் மாசற்றவை என்றும் சொல்வதற்கில்லை. முஸ்லிம் பெரும்பான்மை நாடாகிய வங்கதேசம் 2007 வாக்கெடுப்பில் ஆதரிக்காமல் விலகி நின்றது. சிட்டகாங் மலைமக்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்க அதன் அரசு 2011-இல் வெளிப்படையாக மறுத்தது. ஆளுவோரின் சமயம் எதுவாயினும், மலைமக்களிடம் இசைவு கேட்க மனமில்லாத குணம் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. தாய்மொழி தமிழாக, பாட்டன் பூட்டன் அடங்கிய மண்ணும் இதுவேயாக இருந்தும், "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்ற கேள்வி நம்மை நோக்கி எறியப்படுவதை நாம் அறிவோம். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஒட்டி, பழைய பத்திரங்களையும் சான்றுகளையும் தேடி நம் இல்லங்களில் எழுந்த கலக்கம் எளிதில் மறக்கக் கூடியதன்று. அனைவரும் பூர்வகுடிகள் என்று உலகுக்குச் சொல்லும் அரசு, வீட்டுக்குள் சிலரிடம் மட்டும் பூர்வீகம் கேட்குமானால், அந்த வாக்கியத்தில் உள்ளது சமத்துவம் அன்று என்பது தெளிவு. வந்த வரிசையைக் கொண்டு உரிமையை அளக்கும் கோல் மலையாளியையும் அடிக்கும். மரைக்காயரையும் இராவுத்தரையும் அடிக்கும். ஆகையால் அக்கோலை எவர் கையில் எடுத்தாலும் நாம் எதிர்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

மனிதர் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்பது திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம். எல்லோரும் ஒன்றே என்று சொல்லிக் கோத்திரங்களை மறைப்பது அறிந்து கொள்ளுதல் ஆகாது. வேற்றுமையை ஒப்புக் கொண்டு கண்ணியப்படுத்துவதே அறிந்து கொள்ளுதல்.

நில உரிமையைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் நடந்த ஒரு கருத்துப் போரும் இங்கு நினைவுகூரத்தக்கது. உரிமையாளரற்று உயிரின்றிக் கிடக்கும் நிலத்தைத் தம் உழைப்பால் உயிர்ப்பித்தவருக்கே அதில் உரிமை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். அவர்தம் மாணாக்கர்களான அபூயூசுப், முஹம்மத் (ரஹ்) இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், அனுமதி வேண்டுவதில்லை. உழைப்பே போதும் என்றார்கள். தமிழகத்து முஸ்லிம்களாகிய நாம் இவ்விரு மத்ஹபுகளையும் சார்ந்தவர்கள். மலைநிலத்துக்கு இச்சட்டம் அப்படியே பொருந்தும் என்று வாதிட நாம் வரவில்லை. ஆனால், உரிமை ஆட்சியாளரின் கையெழுத்தில் பிறக்கிறதா, மண்ணோடு மனிதன் கொண்ட உறவில் பிறக்கிறதா என்ற கேள்வி நமக்கு அந்நியமானதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் பெரியார்கள் அதனை எதிர்கொண்டிருக்கிறார்கள். அனுமதி வேண்டும் என்ற இமாமும்கூட, அனுமதியை மறுத்து உழைத்தவனைத் துரத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. சச்சரவின்றி அவனுக்கு உரிமை நிலைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து என்று கொள்வது பொருந்தும்.

ஆகவே நாம் வேண்டுவன பெரியவை அல்ல. 1958-இல் கொடுத்த வாக்கை இந்திய அரசு நினைவில் கொள்ளட்டும். 169-ஆம் உடன்படிக்கையை ஏற்பது பற்றி நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்கட்டும். தமிழக மலைகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்க மாநில அரசு முயலட்டும். மாவட்ட எல்லை கொண்டு மனிதரின் இனத்தை அறுக்கும் பட்டியல் திருத்தப்படட்டும். வத்தல்மலையில் சாலை அகலமாகி, சுற்றுலாப் பயணிகள் பெருகி, நிலத்தின் விலை ஏறிவரும் இக்காலத்தில், எதைக் கட்டுவதாயினும் எதை விற்பதாயினும் முதலில் அம்மலையின் கிராம சபையைக் கூட்டிக் கேட்கட்டும்.

அனைவரும் பூர்வகுடிகளே என்று அரசு மெய்யாகவே நம்புமானால், அந்த நம்பிக்கைக்குப் பொருத்தமான செயல் ஒன்றுதான். பூர்வகுடிக்கு உரிய மரியாதையை வத்தல்மலையிலிருந்து தொடங்கி அனைவருக்கும் வழங்க வேண்டும். ஒருவருக்கும் வழங்காதிருப்பதற்கு அந்த வாக்கியத்தைக் கேடயமாக்குவது நீதியாகாது.